விழாவுக்கு மறுநாள்

ஒலிம்பிக் விழா சில நாட்களில் முடிந்துவிடும்; அதற்கென எழுப்பிய அரங்கமோ நெடுங்காலம் நகரத்தாரின் தோட்சுமையாகிவிடுவதுண்டு. கனடாவின் மொன்றியல் நகரில் 1976இல் நடந்த விழாவுக்கான அரங்கின் கடன் தீர 2006 வரை சென்றது.

அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள றிச்மண்ட் நகரமோ முன்னரே சிந்தித்தது. 2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்குக்காகப் பிரேசர் நதிக்கரையில் அது கட்டிய சறுக்கோட்ட அரங்கம் 2008இல் திறக்கப்பட்டது. வண்டுகளாற் பட்டுப்போன பைன் மரங்களும் அதன் கூரைக்குப் பயன்பட்டன. விழா முடிந்ததும் 400 மீற்றர் பனித்தடம் அகற்றப்பட்டது. அவ்விடத்தில் ஹொக்கி ஆடும் பனித்தளங்களும் பந்தாட்டக் களங்களும் உடற்பயிற்சிக் கூடமும் அமைந்தன.

உலக வீரர் பதக்கம் வென்ற கூரையின்கீழ் இன்று ஊர்ச் சிறுவரும் முதியோரும் கூடுகின்றனர். அரங்கத்தின் பெருமை விழா நாளில் அன்று, அதன் மறுநாளிலேயே விளங்கும்.