பாலியல் தொழில்: இலங்கைச் சட்டமும் தொழிலாளர் பாதுகாப்பும்

வயதுவந்த ஒருவர் பணம் பெற்றுப் பாலுறவு கொள்வதை மட்டும் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ அனைத்தும் குற்றம். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதைத் தண்டிக்கிறது. 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவோரையும் அதற்கெனத் தெரிந்தே இடம் கொடுப்போரையும் தண்டிக்கிறது. இரண்டும் குடியேற்றவாதக் காலத்துச் சரக்கு. தெருவில் நின்றால் முதலாவது, ஒரே கூரையின்கீழ் சேர்ந்து இயங்கினால் இரண்டாவது. எஞ்சுவது தனிமை, வன்முறைக்கு வாய்ப்பானதும் அதுவே.

கைப்பையிலுள்ள ஆணுறையே சந்தேகத்துக்குச் சான்றாகிவிடும் என்ற அச்சத்தில் அதைக் கொண்டுசெல்லத் தயங்குவோர் உண்டு. அடித்தவன்மீது முறையிடப் போனால் முறையிட்டவரே விசாரிக்கப்படலாம்.

ஏ9 வீதியில் முல்லைத்தீவுப் பாதை பிரியும் மாங்குளம் போன்ற சிற்றூரில் பெயர் வெளிப்படுவதே பெருந்தண்டனை. உள்நாட்டுப் போருக்குப்பின் வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகின. நுண்கடன் சுமையும் கூடியது; இவை சிலரை இத்தொழிலுக்குத் தள்ளின. தொழில்தருநர் என எவரும் பதிவில் இல்லாததால் ஊழியர் சேமலாப நிதியும் மகப்பேற்று விடுமுறையும் பாலியல் தொழிலாளருக்கு எட்டுவதில்லை.

பிற நாடுகளில் மாற்றுவழிகள் உண்டு. நியூசிலாந்து 2003இல் இத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கி, வாடிக்கையாளரை மறுக்கும் உரிமையையும் எழுத்தில் வைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில், காவல்துறை இத்தொழில் செய்வோரைக் கண்ணியத்துடன் நடத்தவேண்டும், சொல்லாலோ செயலாலோ துன்புறுத்தக் கூடாதெனப் பணித்தது.