பொட்டும் புள்ளியும்: டெக்சாசின் 'நாற்பத்திரண்டு' ஆட்டத் தோற்றம் குறித்து

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குத் தோற்றக் கதைகள் பெருந்தொல்லை தருவன. ஆட்டம் பிறந்து பல தலைமுறை கழிந்த பின்னரே அவை எழுத்தில் ஏறுகின்றன. ஏறிய பின் சான்றாகவே கொள்ளப்படுகின்றன. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் டோமினோக் காய்களைக் கொண்டு ஆடப்பெறும் 'நாற்பத்திரண்டு' என்னும் ஆட்டத்திற்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. அக்கதையை ஆட்டத்தின் விதிகளோடு வைத்து நோக்கி, எவ்வளவு ஏற்கத்தக்கது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கதை இதுவாகும். டெக்சாசில் இன்று கார்னர் எனப்படும் சிற்றூரில், 1887ஆம் ஆண்டு, வில்லியம் தாமசு, வால்டர் ஏர்ல் என்னும் சிறுவர் இருவர் மறைவாகச் சீட்டாடிப் பெற்றோரிடம் அகப்பட்டனர். புராட்டஸ்டண்டு சபையினரான அக்குடும்பத்தார்க்குச் சீட்டு பாவத்தின் கருவி. டோமினோவோ வீட்டில் வைத்து ஆடத்தக்க பொழுதுபோக்கு. தண்டனை பெற்ற சிறுவர்கள் சீட்டாட்டத்தை டோமினோக் காய்களுக்கு மாற்றிக்கொண்டனர். பெற்றோரும் அதனை ஏற்றுத் தாமும் ஆடலாயினர். இக்கதையைப் பரவலாக்கியது ஃபோர்ட் வொர்த் நகர நாளிதழில் 1985இல் வெளிவந்த கட்டுரை. நிகழ்ச்சிக்கும் இவ்வெழுத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி என்பது ஈண்டு கருதத்தக்கது.

டோமினோவின் மூலம் சீனம். இரு பகடைகளை உருட்டினால் விழக்கூடிய சேர்க்கைகள் 21. அவற்றை ஒவ்வொரு காயிலும் பொட்டுகளாகப் பொறித்து, 11 சேர்க்கைகளை இரட்டித்து, 32 காய் கொண்ட தொகுதியைச் சீனர் அமைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிரான்சிலும் வழங்கிய தொகுதி வேறு: அங்கு இரட்டிப்பு இல்லை; மாறாக, பொட்டில்லாத வெற்றுப்பகுதி சேர்ந்தது. வெற்று முதல் ஆறு வரை ஏழு நிலைகள். ஆகவே 28 காய்கள். டெக்சாசு மக்கள் கைக்கொண்டது இத்தொகுதியே. சீன மொழியில் சீட்டையும் காயையும் 'பாய்' என்னும் ஒரே சொல் சுட்டும். காய்களை வைத்துப் பணயம் ஆடும் 'பாய் கௌ' அங்குப் புகழ் பெற்றது. கார்னர் பெற்றோர் சீட்டுக்கும் காய்க்கும் இடையே கண்ட அறவேறுபாடு, காய் பிறந்த நாட்டின் மொழியிலேயே இல்லை என்பது சுவையான செய்தி.

இனி விதிகளைக் காண்போம். நால்வர், எதிரெதிர் அமர்ந்தோர் கூட்டாளிகள். ஆளுக்கு ஏழு காய். ஒருவர்பின் ஒருவராகக் கேள்வி கேட்பர். குறைந்த கேள்வி 30. மிகுதியாகக் கேட்டவர் துருப்பு எண்ணை அறிவித்து முதற்காயை இறக்குவார். இறக்கிய இனத்தைக் கையில் உள்ளோர் அதனையே இட வேண்டும். ஒரு சுற்றில் விழும் நான்கு காய்களை வென்றெடுப்பதைப் 'பிடி' என்போம். பிடி ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. ஏழு பிடிக்கு ஏழு. இவற்றோடு ஐந்து காய்களுக்குத் தனிப்புள்ளி உண்டு: ஐந்து-ஐந்து, ஆறு-நான்கு ஆகியவற்றுக்குப் பத்துப்பத்து, ஐந்து-வெற்று, நான்கு-ஒன்று, மூன்று-இரண்டு ஆகியவற்றுக்கு ஐந்தைந்து. இவை 35, ஏழும் சேர 42.

கேள்வி, துருப்பு, இனம் தொடர்தல், பிடி ஆகிய அனைத்தும் சீட்டாட்ட மரபின. நம் நாட்டில் கேரளத்திலும் தமிழகத்திலும் ஆடப்பெறும் 'இருபத்தெட்டு', தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் 'முந்நூற்று நாலு' ஆகியவற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அவையும் மொத்தப் புள்ளியையே பெயராகக் கொண்டவை. (இருபத்தெட்டும் டோமினோக் காய்களின் தொகையும் ஒன்றாதல் தற்செயலே.) ஆதலின் சீட்டு காய்க்கு மாறியது என்ற அளவில் கதைக்கு விதிகள் துணைநிற்கின்றன.

ஆயின் அந்த ஐந்து காய்களின் மதிப்பு சீட்டிலிருந்து வந்ததன்று என்பது என் கருத்து. 'ஐந்துகள்' என்னும் பழைய டோமினோ ஆட்டம் ஒன்று உண்டு. அதில் காய்களை முனையோடு முனை பொருத்தி வைப்பர். வெளிமுனைகளின் கூட்டுத்தொகை ஐந்தின் மடங்காயின் அத்தொகையே வைத்தவர்க்குப் புள்ளி. ஐந்து-ஐந்தை முதற்காயாக வைப்பவர் பத்துப் பெறுவார். ஆறு-நான்கை வைப்பவரும் பத்து. ஐந்து-வெற்று, நான்கு-ஒன்று, மூன்று-இரண்டு ஆகியவற்றை வைப்பவர் ஐந்து. முதற்காயாகப் புள்ளி தரவல்லவை 28இல் இவ்வைந்தே. அவையே, அதே மதிப்போடு, நாற்பத்திரண்டில் அமர்ந்திருக்கின்றன. ஆகவே இவ்வாட்டத்தை அமைத்தோர் யாராயினும், சீட்டு மறுக்கப்பட்டபின் காயை முதன்முதல் தேடிச் சென்றவராக இருத்தல் அரிது. டோமினோக் கணக்கில் முன்னமே பழகிய கையினர் ஆவர். சீட்டை மட்டும் தாயாகக் காட்டும் கதை இவ்விடத்தில் குறைபடுகிறது.

கடன் பெறாத பகுதியும் ஒன்றுண்டு. ஒரு சீட்டு ஓரினத்தது. டோமினோக் காயோ, இரட்டையல்லாதவிடத்து, ஈரினத்தது. 28 காய்கள் இனத்துக்கு ஏழாக ஏழினங்களில் பரவி நிற்பது இதனால்தான். இவ்விரட்டுறவைத் தீர்க்க விதி ஒன்று வேண்டியிருந்தது: துருப்பல்லாத காயை முதலில் இறக்கினால் அதன் பெரிய எண்ணே இனம். இரட்டைக்காயே தன் இனத்தில் தலை. இதன் விளைவு ஆட்டத்தில் வெளிப்படுகிறது. 'இருபத்தெட்டில்' வலிய சீட்டே மதிப்புள்ள சீட்டு. நாற்பத்திரண்டிலோ நான்கு-ஒன்று நான்கினத்தில் கடைசிக்கு முந்தையது. ஆயினும் ஐந்து புள்ளி சுமக்கிறது. தானே வெல்ல இயலாத அக்காயைக் கூட்டாளி வெல்லும் பிடியில் சேர்க்க வேண்டும்; அதற்கு அவர் கை குறிப்பாலன்றி, விழுந்த காய்களை எண்ணி அறியப்பட வேண்டும். என் நோக்கில் இவ்வாட்டத்தின் சுவை முழுதும் இங்கேயே உள்ளது.

சிறுவர் இருவர், 1887, கார்னர் என்னும் கூறுகளுக்கு விதிகள் சான்று கூறா, கூறவும் இயலாது. டெக்சாசு மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2011இல் சட்டமன்றம் இதனை மாநிலத்தின் டோமினோ ஆட்டமாக அறிவித்தது. ஹாலட்ஸ்வில் என்னும் ஊரில் மாநிலப் போட்டி நடத்தப்பெற்று வருகிறது. சிலர் 250 புள்ளிவரை எண்ணி ஆடுவர். பிறர் ஓராட்டத்துக்கு ஒரு கோடு என இழுத்து ஏழு கோட்டில் முடிப்பர். அக்கோடுகளை இழுக்கும் முறையும் மரபு சார்ந்ததே: முதல் மூன்று கோடுகள் ஆங்கிலத்தின் 'ஏ' எழுத்தாகவும், பின்னவை இரண்டிரண்டாய் இரு 'எல்' எழுத்துகளாகவும் அமைய, வென்ற அணியின் பக்கம் 'எல்லாம்' எனப் பொருள்படும் 'ஆல்' என்ற சொல் நிறைந்து நிற்கும்.