காத்திருத்தலும் கூட்டு மன்றாட்டும்: 1824ஆம் ஆண்டின் யாழ்ப்பாண எழுப்புதல் பற்றிய ஒரு நோக்கு

காத்திருத்தல் என்பது தமிழிலக்கிய மாணவருக்குப் புதியதொரு பொருளன்று. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என நம் இலக்கணகாரர் வகுத்தனர். பிரிந்தவன் மீள்வான் என்னும் தெளிவோடு ஆற்றியிருத்தலே அது, செயலற்றுக் கிடத்தலன்று. கிறித்தவ மரபிலும் இதனையொத்த கருத்தொன்று உண்டு. இறைவனுக்குக் காத்திருப்போர் புதுப்பெலன் அடைவர் என்பது ஏசாயா ஆகமத்திற் காணப்படும் நம்பிக்கை. எருசலேமில் மேல்வீட்டறையிற் கூடிச் சீடர் காத்திருந்த செய்தியை அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. இக்கருத்து பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எவ்வாறு ஒரு சமூக ஒழுங்காக உருப்பெற்றது என்பதையும், அது யாழ்ப்பாணத்தை வந்தடைந்த வழியையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1742ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கம்பஸ்லாங் என்னும் ஊரிலே பெரியதொரு சமய எழுச்சி தோன்றியது. அது தணியத் தொடங்கியபோது, அந்நாட்டுப் போதகர் சிலர் 1744இல், குறித்த நாட்களில் யாவரும் ஒருமித்து மன்றாடுதல் வேண்டும் என உடன்பாடு செய்துகொண்டனர். இவ்வுடன்பாட்டை ஆதரித்து அமெரிக்காவின் நோர்தாம்ரன் நகரப் போதகரான யொனதன் எட்வேட்ஸ் 1747இல் நூலொன்று வெளியிட்டார். இந்நூல் அவர் காலத்தில் விளைத்த பயனிலும், அவர் மறைந்த பின் விளைத்த பயன் பெரிதாகும். 1784இல் எடின்பரோவிலிருந்து யோன் எர்ஸ்கின் என்பார் அதனை இங்கிலாந்திலுள்ள பப்ரிஸ்ற் போதகருக்கு அனுப்பினார். அவ்வாண்டிலேயே நோர்தாம்ரன்சயர்ப் பகுதிச் சபைகளின் சங்கம் கூடியபொழுது, யோன் சற்கிளிவ் என்னும் போதகர் ஒரு முன்மொழிவைச் செய்தார். மாதந்தோறும் முதற் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், திருச்சபைகளின் புத்துயிர்ப்புக்காக யாவரும் ஒருமித்து மன்றாடுதல் வேண்டும் என்பதே அது.

இம்முன்மொழிவு எளிமையானது. ஆயினும் அதன் வரலாற்று முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அதுவரை தனிமனிதனின் உள்ளத்துக்குரியதாயிருந்த காத்திருத்தல், இதனால் நாளும் பொழுதும் குறிக்கப்பட்ட பொது ஒழுங்காயிற்று. ஒருவரையொருவர் கண்டறியாத சிற்றூர்ச் சபையார், அதே மாலையில் வேறிடங்களிலும் இதே வேண்டுதல் எழுகின்றது என்னும் உணர்வினால் இணைக்கப்பட்டனர்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. புத்துயிர் இறைவன் கொடையாயின், மனிதன் செய்யத்தக்கது யாது? காத்திருத்தல் ஒன்றே போதுமா? 1792இல் வில்லியம் கேரி எழுதிய நூல், கிறித்தவர் வழிவகைகளைக் கையாளக் கடமைப்பட்டோர் என்பதைத் தன் தலைப்பிலேயே வற்புறுத்தியது. அவ்வழிவகைகளுள் ஒருமித்த மன்றாட்டை அவர் முதலில் வைத்தமை மனங்கொளத்தக்கது. அவ்வாண்டிலேயே கெற்றறிங் நகரிற் பப்ரிஸ்ற் மிசன் சங்கம் நிறுவப்பட்டது. 1793இல் வங்காளத்தை அடைந்த கேரி, முதல் இந்தியர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுவதைக் காண 1800ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வேழாண்டுகளிலும் அவர் மொழி கற்றார், மொழிபெயர்த்தார். எனவே காத்திருத்தலும் உழைத்தலும் ஒன்றற்கொன்று மாறானவை என அவர் கொள்ளவில்லை எனலாம்.

அமெரிக்காவிலும் இவ்வழக்கம் பரவியது. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு வைக்கோற் போரொன்றின் அருகே ஒதுங்கி மன்றாடினர் என்பது அந்நாட்டு மிசன் வரலாற்றிற் பேர்பெற்ற செய்தி. 1810இல் அமெரிக்க மிசன் சங்கம் தோன்றுவதற்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. அவ்வைவருள் ஒருவராகிய ஜேம்ஸ் றிச்சாட்ஸ், 1816இல் இலங்கைக்கு வந்த முதற் குழுவினருள் ஒருவராவார் என்பதை நாம் சிறப்பாக நினைவுகூரல் வேண்டும். டானியேல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வேட் வாரன் ஆகியோர் அவருடன் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் இவர்களின் முதல் நிலையங்களாயின. முதற் திங்கட்கிழமை மன்றாட்டு ஒழுங்கு இவர்களோடு நம் நாட்டையும் அடைந்தது.

அடுத்த எட்டாண்டுகள் இடர் நிறைந்தவை. வாரன் 1818இல் நன்னம்பிக்கை முனையிற் காலமானார். றிச்சாட்ஸ் நோயுற்று 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். வின்சிலோ, ஸ்போல்டிங், வூட்வேட், வைத்தியர் ஸ்கடர் ஆகியோர் வந்து சேர்ந்தபின், புதிய அமெரிக்க மிசனரிமார் வருவதைக் குடியேற்ற அரசாங்கம் 1820இல் தடுத்தது. 1833 வரை இத்தடை நீடித்தது. ஆள்வரவு நின்ற அக்காலத்திற் பாடசாலைகள் பெருகின. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பெற்றது. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை அமைந்தது. சபையிற் சேர்ந்தோரோ மிகச் சிலரேயாவர்.

1824ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெல்லிப்பழையில் எழுப்புதல் தோன்றியது. அது உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு ஆகிய நிலையங்களுக்கும் பரவியது. பாடசாலை மாணவர் சிறு சிறு குழுக்களாகக் கூடி மன்றாடினர். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ 40 பேர் ஒருங்கே சபையிற் சேர்க்கப்பட்டனர். தம் காத்திருத்தலுக்குக் கிடைத்த விடை இதுவென மிசனரிமார் கருதினர். றிச்சாட்ஸோ இதனைக் காணாமலே மறைந்தார்.

வரலாற்று மாணவராகிய நாம் இவ்விடத்தில் நிதானித்தல் அவசியம். இவ்வெழுப்புதல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மிசனரிமாரின் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் இருந்தே பெறப்படுவன. அவை தாயகத்திலுள்ள ஆதரவாளரை நோக்கி எழுதப்பட்டவை. எழுச்சியில் முன்னின்றோரும் விடுதி மாணவரே. உணவும் உடையும் கல்வியும் மிசனாலேயே பெற்றவர்கள் அவர்கள். அமெரிக்க உபகாரிகளின் பெயர்களே பலருக்குச் சூட்டப்பட்டன. இத்தகைய சூழலில் விருப்பையும் வற்புறுத்தலையும் பிரித்தறிதல் எளிதன்று. அப்பிள்ளைகளின் தாய் தந்தையரும் காத்திருந்தனர் என்பதை மறத்தலாகாது. பிள்ளை கல்வி கற்று, குலவழக்கம் கெடாது வீடு திரும்புவான் என்பது அவர்தம் காத்திருத்தல். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, அத்தகைய கவலைக்குச் சைவ சமூகம் கண்ட விடைகளுள் ஒன்றெனக் கொள்ளலாம்.

எனினும் அவ்விளைஞரின் அனுபவம் முழுவதையும் புறத்தூண்டலின் விளைவென ஒதுக்குதலும் பொருந்தாது. சுற்றத்தாரின் வெறுப்பையும் உரிமை இழப்பையும் எதிர்நோக்கியே ஒருவர் அன்று சபையிற் சேர்ந்தார். ஊதியமொன்றே நோக்கமெனின் அவ்விலை மிகையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, மன்றாட்டு ஒழுங்கு எழுப்புதலைத் தோற்றுவித்தது என வரலாறு நிறுவ இயலாது. காத்திருந்தும் எழுச்சி காணாத மாதங்கள் பல. மற்றையது, அவ்வொழுங்கு மனிதரைத் தளராது நிலைநிறுத்தியது என்பதை வரலாறு ஐயமின்றிக் காட்டும். ஆட்கள் இறந்தபோதும், அரசு தடுத்தபோதும், பலன் தெரியாதபோதும், அடுத்த முதற் திங்கட்கிழமை வந்தது, அவர்கள் கூடினர். நம் கல்வி வரலாற்றில் நிலைபெற்ற நிறுவனங்கள் சில அந்தக் காத்திருத்தற் காலத்திலேயே வேரூன்றின. சமயத்தால் வேறுபட்ட நாமும் இந்த உறுதியின் தன்மையை அறிந்துகொள்ளுதல், அக்கால யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.