கல்லெழுத்தும் காணிப் பதிவும்

ஓர் ஊரின் வரலாறு அரசர்தம் போர்களில் மட்டும் அடங்குவதன்று. யார் பிறந்தார், யாரை மணந்தார், எந்த நிலம் எவர் கைக்கு மாறிற்று என்னும் சிறு குறிப்புகளிலும் அது வாழ்கின்றது. அவற்றை எழுதிக் காத்தல் அரசின் கடமை. கேட்டுப் பெறுதல் குடிகளின் உரிமை. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இவ்வழக்கம் மிகப் பழையது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பிறப்பித்த கட்டளை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகரைக் காத்தல் வேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்காயின் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கின்றது. இவ்விதி கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதென அதுவே கூறுவது கருதத்தக்கது. ஒன்று அழியினும் மற்றொன்று சான்று பகரும் அன்றோ?

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் தோம்பு என்னும் ஏடுகளிற் பதிந்தனர். வரி தண்டுதலே அவர்தம் நோக்கம். ஆயினும் குடிகளின் பெயர்கள் அதனால் நிலைபெற்றன. 1707இல் இந்நாட்டு வழமைகள் தேசவழமை எனத் தொகுக்கப்பெற்றன. 1806இல் ஆங்கில ஆட்சியும் அதனைச் சட்டமாக ஏற்றது. முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தினை வகுப்பது தேசவழமை. ஆகவே ஒரு காணி யாருடையது என்பதுடன், அது எவ்வழியில் வந்தது என்பதற்கும் சான்று வேண்டியதாயிற்று.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றத்திற்கு நொத்தாரிசு முன் எழுதிய உறுதியைக் கட்டாயமாக்கியது. மூல உறுதி காணிக்காரர் கையிற் சேரும். ஒரு படியை நொத்தாரிசு தம்மிடம் வைப்பார். மற்றொரு படி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். கல்லும் செம்பும் செய்த தொழிலை இப்படிகள் செய்கின்றன.

இதன் அருமையைத் தீவகத்தார் துன்பத்தில் உணர்ந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் ஊர்விட்டுப் பெயர்ந்தோர் பலர் உறுதிப்பெட்டியைக்கூட எடுத்திலர். மீண்டபோது வீடு இடிந்திருந்தது. வேலியும் எல்லையும் மறைந்திருந்தன. ஆயினும் உறுதி தொலைந்தமையால் உரிமை தொலைந்துவிடவில்லை.

பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்களின் படி வேண்டுவோர் நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, வேலணைப் பிரதேச செயலகங்களை நாடலாம். நயினாதீவு வேலணைப் பிரிவைச் சார்ந்தது.  நாள் திட்டமாகத் தெரியாவிடினும், ஆண்டும் பெற்றோர் பெயரும் தெரிந்தால் தேடுதல் எளிதாகும். காணி உறுதியைத் தேடுவோர் யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்துக்குச் செல்லல் வேண்டும். நெடுந்தீவார்க்கு அது குறிகட்டுவான்வரை படகும், அப்பால் தரைவழியுமாக ஒரு நாட்பயணம். ஆதலின் வேண்டிய விவரங்களைத் திரட்டிக்கொண்டு புறப்படுதல் நன்று. அரச அலுவலகங்களிடம் தகவல் கோரும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கியுள்ளது. எழுத்தில் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுள் முடிவு கூறுதல் வேண்டும்.

இங்கே முதியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம் ஊர்களில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயருண்டு. அப்பெயரும், பரப்பும், நான்கெல்லைக்காரர் பெயரும் உங்கள் நினைவில் இருக்கின்றன. கனடாவிலும் இலண்டனிலும் வளரும் பேரப்பிள்ளைகள் அவற்றை அறியார். காணியின் பெயர் அறியாதவன் பதிவகத்து வாயிலில் நின்றும் வெறுங்கையுடன் திரும்ப நேரும். ஆகவே அவற்றை இன்றே எழுதிவையுங்கள். ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். மற்றொரு படி கடல் கடந்த பிள்ளையிடம் சேரட்டும்.