பழவேற்காட்டில் விசுவாசமும் பிரமாணமும்: ‘கிரியை’ என்னும் சொல்லை முன்வைத்து

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காடு ஏரிக்கரையில் 1613இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை, வணிக வரலாற்றில் மிகுதியும் பேசப்பட்டுள்ளது. மீட்பு விசுவாசத்தாலா, பிரமாணத்தைக் கைக்கொள்வதாலா என்னும் கிறித்தவ இறையியல் வழக்கின் மூன்று தரப்பினரும் அக்கரையில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தமையும் கருதத்தக்கது.

முதலாவது, போர்ச்சுக்கீசியர் வழிவந்த கத்தோலிக்கம். விசுவாசமே மீட்பின் தொடக்கமும் வேருமாகும், எனினும் அது மட்டுமே போதும் என்பது பிழை என 1547இல் திரெந்துச் சங்கம் வரையறுத்தது. இரண்டாவது, டச்சுச் சீர்திருத்தச் சபை. அதன் ஹைடல்பெர்க் வினாவிடை (1563), பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை மனிதனின் அவலத்தைக் கூறும் முதற்பகுதியில் வைக்காமல், நன்றியறிதலைக் கூறும் மூன்றாம் பகுதியில் வைத்தது. மீட்கப்பட்டவன் நன்றியினால் பிரமாணத்தைக் கைக்கொள்கிறான், மீட்கப்படும்பொருட்டு அன்று. லுத்தரின் சிறிய வினாவிடையோ (1529) கட்டளைகளிலிருந்தே தொடங்குகிறது. பாவத்தை உணர்த்துவதே அங்குப் பிரமாணத்தின் தலையாய பணி. இம்மூன்றாம் தரப்பைச் சார்ந்த பப்ரிசியஸ், 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார்.

1630களில் கோட்டையின் குருவாயிருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பதுமநாபன் என்னும் அந்தணரிடம் போர்ச்சுக்கீசிய மொழியில் கேட்டறிந்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. அந்நூலின் முதற்பகுதி அந்தணரின் வாழ்க்கை ஒழுகலாற்றையும், இரண்டாம் பகுதி அவர்தம் நம்பிக்கையையும் வழிபாட்டையும் கூறுகின்றன. விசுவாசத்தை முன்னிறுத்தும் சபையின் குரு ஒழுகலாற்றிலிருந்து தொடங்கியது தற்செயலாகவும் இருக்கலாம். செய்தி தந்தவரின் சமயநோக்கு அவ்வாறு வகுத்தது எனக் கொள்வதே பொருத்தமுடையது.

சிக்கல் தமிழ்ச்சொல்லில் மேலும் கூர்மையுறுகிறது. பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பைப் பெரிதும் தழுவிய 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், மனிதனை நீதிமானாக்குவது விசுவாசமேயன்றி ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ அல்ல. சைவ சித்தாந்தத்தில் கிரியை என்பது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுள் இரண்டாவது. பூசை முதலிய வழிபாட்டுச் செயல்களைக் குறிப்பது. ஆகவே பவுலின் வாதம் தமிழ்ச்செவியில் மோசேயின் பிரமாணத்தைக் காட்டிலும் கோயில் வழிபாட்டை மறுப்பதாக ஒலித்திருக்கக்கூடும். கத்தோலிக்கரின் திருவிழாவும் நேர்ச்சையும் அம்மறுப்புக்கு உட்பட்டவையாகத் தோன்றியிருக்கும்.

ஏரிக்கரைக் குப்பங்களில் ‘முறை’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், பெயரிலேயே மாதாவைத் தாங்கிய நடுவூர்மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில், மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் வழக்கம் ‘பாடு’ எனப்படும். அதில் இடம் பெறுவது பிறப்பாலும் ஊர் உரிமையாலும் அமைவது. பவுலிடத்தில் சாபத்தோடு இணைத்துப் பேசப்படும் பிரமாணம், இங்கு எளியவனுக்கும் ஒருநாள் நல்ல நீர் கிடைக்க வழிசெய்வது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம், கிரியையைச் ‘செயல்’ என்றும் நியாயப்பிரமாணத்தைத் ‘திருச்சட்டம்’ என்றும் வழங்குகிறது. சைவச் சாயல் நீங்கினும், சட்டம் என்பதை அரசாணையாகக் கேட்கும் வாய்ப்பு எஞ்சுகிறது.