சேவைச் சங்க வாரக்கூட்டம்

ரோட்டரி, அரிமா (லயன்ஸ்), ஜேசீஸ் போன்ற தன்னார்வச் சங்கங்களின் உறுப்பினர்கள் குறித்த நாளில் குறித்த நேரத்தில் கூடி, மணி அடித்துத் தொடங்கி, பேச்சுக் கேட்டு, சேர்ந்து சாப்பிட்டுக் கலையும் கூட்டம். வாரம் தவறாமல் கூடுவது ரோட்டரியின் மரபு. அரிமா சங்கங்கள் பெரும்பாலும் மாதம் இருமுறை கூடும். கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று வெளியே தெரிகிற பணிகளெல்லாம் இந்தக் கூட்டத்தில் முடிவானவை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கூட்டம்தான் முதலில் பிறந்தது. சேவை பிறகு வந்து சேர்ந்தது. செட்டிநாட்டில் இதன் கதை இன்னும் வேறு மாதிரி. தேவகோட்டை போன்ற ஊர்களில் தர்மத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. வாராவாரம் வந்து உட்கார ஆள்தான் ஊரில் இருந்ததில்லை.

தோற்றம்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். கூட்டியவர் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். நகரத்தில் தொழில் இருந்தது, கட்சிக்காரர் இருந்தனர், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பேச ஒரு வீடு இல்லை. மற்ற மூவரில் சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வியாபாரி, குஸ்டாவஸ் லோயர் சுரங்கப் பொறியாளர், ஹைரம் ஷோரி தையற்கடைக்காரர். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் முறைவைத்து நடத்தினார்கள். ஷீலேயின் நிலக்கரிக் கிடங்கிலும் ஒன்று நடந்தது. அந்தச் சுழற்சியிலிருந்து ‘ரோட்டரி’ என்ற பெயர் வந்தது.

தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பது என்பது தொடக்கத்திலேயே ஏற்பட்ட விதி. ஒரு வக்கீல், ஒரு அச்சகக்காரர், ஒரு தையற்காரர் என்று இருந்தால் போட்டி வராது. ஒருவருக்கொருவர் வியாபாரமும் கொடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொன்னபோது, ஊருக்கு ஒன்றும் செய்யாத சங்கத்தில் தமக்கு வேலையில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பிறகே நகர நலன் என்ற வரி சங்க விதிகளில் ஏறியது. 1907-இல் எடுத்த முதல் பொதுப்பணி, சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் கட்டக் கோரும் இயக்கம். பின்னாளில் போலியோ ஒழிப்பு வரை போன அமைப்பு கழிப்பிடத்தில் தொடங்கியதைப் பதவியேற்பு விழா மேடைகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. அதைவிட நல்ல தொடக்கம் ஒரு ஊர்ச் சங்கத்துக்கு எது என்றும் தெரியவில்லை.

வராதவருக்கு அபராதம் என்பதும் முதல் ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. பின்னர் அது வருகைப் பதிவு விதியாக இறுகியது: அடுத்தடுத்து நான்கு கூட்டம் தவறினால் உறுப்பினர் பதவி போகும். வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து, வந்ததற்குச் சீட்டு வாங்கி வந்தால் இழந்த வருகை ஈடாகும். இதற்கு இன்றும் சங்கத்துக்குள் ‘மேக்-அப்’ என்றே பெயர்.

மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் முன்னின்று 1917-இல் சிகாகோவில் உருவாக்கிய லயன்ஸ் அமைப்பு, 1925-இல் ஹெலன் கெல்லர் அதன் மாநாட்டில் பேசியபின் பார்வையற்றோர் பணியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது.

இந்தியாவுக்கு வருகை

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் அமைந்தது. 1920 ஜனவரி 1 அதன் பட்டய நாள். சென்னைச் சங்கம் 1929-இல் வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகளின் மேலாளர்கள் மதிய உணவு மேசையில் கூடும் இடமாகவே இவை தொடங்கின. இந்தியர் மெல்ல மெல்லச் சேர்ந்தனர். கல்கத்தாவின் நிதிஷ் லாஹரி 1962-63-இல் உலக ரோட்டரித் தலைவரானார். ஆசியாவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். லயன்ஸ் 1956-இல் பம்பாய் வழியாக நுழைந்தது. தமிழில் ‘அரிமா’ என்ற இலக்கியச் சொல் அதற்கு அப்படியே பொருந்திவிட்டது. பெயருக்கு முன்னால் அடைமொழியாகவும் ஏறிக்கொண்டது. ரோட்டரிக்குச் ‘சுழற்சங்கம்’ என்று வைத்துப் பார்த்தார்கள். அச்சில் நின்றது, வாயில் நிற்கவில்லை.

செட்டிநாட்டில் சங்கமும் இருப்பும்

நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் பொதுப்பணம் சேர்ந்த வழி முற்றிலும் வேறு. வியாபாரக் கணக்கிலேயே ‘மகமை’ என்று ஒரு பங்கைத் தனியாக எழுதி, கோவிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும் ஒதுக்குவார்கள். ஊர்க் கோவிலில் கல்யாணமான ஆண் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் புள்ளி தேவகோட்டையில் இருக்கிறாரா, ரங்கூனில் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வியே அல்ல. பணம் வந்து சேர்ந்தால் போதும். காசியில் நகரச் சத்திரம் நடத்தியவர்கள் இந்த முறையில்தான் நடத்தினார்கள். கணக்கு வழியே ஓடிய இந்தத் தர்மத்துக்கு மணியும் சுத்தியலும் தேவைப்படவில்லை.

காரணம், ஆண்கள் ஊரில் இல்லாததுதான். ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ போனவர், வழக்கமாக மூன்றாண்டுக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகி, பல தவணை கழித்துச் சொந்தக் கடை வைப்பார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பல கடைக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் தொழில் செய்து, உண்டு, உறங்கினார்கள். வாரக்கூட்டத்தின் பயன் எல்லாம் அங்கே தினந்தோறும் கிடைத்தது. ஊரிலோ, ஆயிரம் சன்னல் வீட்டை ஆச்சிகள் நிர்வகித்தனர்.

இதற்கிடையிலும் ஊரில் இருந்த இளைஞர் சிலர் கூட்டம் கூடவே செய்தனர். 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். பெயரைக் கேட்டால் மதச் சங்கம்போல் ஒலிக்கும். நடந்தது நூல் வாசிப்பும் சொற்பொழிவும் சமூகச் சீர்திருத்தப் பேச்சும். 1919 நவம்பரில் பாரதியார் அங்கே வந்தார். சங்கத்தாரை வாழ்த்திப் பாடலும் எழுதித் தந்தார். கையில் கோலுடன் அவர் இருக்கும் புகழ்பெற்ற படம் அந்தக் காரைக்குடிப் பயணத்தில் எடுத்தது. அடுத்த ஆண்டே இந்த வட்டத்திலிருந்து ‘தனவைசிய ஊழியன்’ என்ற வார இதழ் பிறந்தது. பிறகு அது ‘ஊழியன்’ ஆனது. 1936-இல் காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஓர் இதழே வந்தது. விதவை மறுமணத்துக்கென்று தனி இதழ் நடத்த ஓர் ஊர் துணிந்ததற்கு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுக் கூட்டங்களும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

1939-இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தது: நேரம். அறிவித்த நிமிடத்தில் தொடங்கி, பேச்சாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கொடுத்த நேரத்தில் முடித்துவைப்பது அதன் வழக்கம். ரோட்டரியின் மணியடிப்பை வியப்பவர்கள் கம்பன் விழாவுக்குப் போனவர்களாக இருக்க முடியாது.

ஊரின் இயல்பை மாற்றியது பர்மா. 1930-களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்த வயல்கள் குவிந்து, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தனர்; பலர் நடந்தே இந்தியா திரும்பினர். 1948-இல் பர்மா நிலத் தேசியமயச் சட்டம், 1963-இல் வங்கித் தேசியமயம். மூன்றாண்டுக் கணக்கு என்ற ஏற்பாடே முடிந்தது. ஆண்கள் ஊரோடு இருக்க வேண்டியதாயிற்று, அல்லது சென்னைக்கும் கோவைக்கும் குடிபெயர்ந்தனர்.

அதே காலத்தில் வெளியாட்கள் வந்தனர். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். தேவகோட்டையில் கோட்ட வருவாய் அலுவலகம், நீதிமன்றம் (1942 ஆகஸ்டு கிளர்ச்சியில் மக்கள் தீ வைத்த அதே நீதிமன்றம்), ஏசு சபையினரின் தே பிரித்தோ பள்ளி, பின்னர் சேவுகன் அண்ணாமலை கல்லூரி என்று சம்பளக்காரர்களின் கூட்டம் பெருகியது. மாற்றலாகி வந்த வங்கி மேலாளர், மருத்துவர், வக்கீல், பேராசிரியர், நகைக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர்: சிகாகோவின் ‘தொழிலுக்கு ஒருவர்’ விதிக்கு வேண்டிய ஊர் இப்போதுதான் உருவானது. ஒரே தொழிலில் ஊறிய ஊரில் அந்த விதிக்கு வேலையே இருந்திருக்காது. மாற்றல்காரருக்கு இந்த வாரக்கூட்டம் பால் ஹாரிஸுக்கு இருந்த அதே தேவைக்கு மருந்து. சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரில் வந்த மாதத்திலேயே பத்து வீடுகள் பழக்கமாகிவிடும்.

கூட்டமும் உறுப்பினரும்

தமிழகச் சிற்றூர்களில் கூட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு, கடை கட்டும் நேரத்தை ஒட்டி. தலைவர் மணி அடிப்பார். இறைவணக்கம் அல்லது தமிழ்த்தாய் வாழ்த்து; அடுத்து ரோட்டரியின் நான்கு கேள்விச் சோதனை. சொல்வதும் செய்வதும் உண்மையா, நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நல்லதா என்று கேட்கும் இதை ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் நொடித்துக்கொண்டிருந்த ஒரு பாத்திரக் கம்பெனியைக் காப்பாற்ற எழுதினார். பிறகு செயலர் அறிக்கை, அந்த வாரம் பிறந்தநாள், திருமண நாள் காணும் உறுப்பினருக்கு வாழ்த்து, சிறப்புப் பேச்சாளர், நன்றியுரை, நாட்டுப்பண், சாப்பாடு. பேச்சாளர் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசி முடித்த கையோடு இனிப்பு பரிமாறுவதில் யாரும் முரண்பாடு காண்பதில்லை.

ஆண்டு ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். அதனால் பத்திருபது ஆண்டு நடந்த சங்கத்தில் ‘முன்னாள் தலைவர்’களே பாதிப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே முதல் தலைவர் என்ற மரியாதையோடு ‘பட்டயத் தலைவர்’. மாவட்டத்துக்கு ‘ஆளுநர்’ உண்டு. அவர் வருகிற அன்று மட்டும் வருகைப் பதிவேடு நிறைந்துவிடும். அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவருக்குரிய பால் ஹாரிஸ் சிறப்பு, அரிமாவில் மெல்வின் ஜோன்ஸ் சிறப்பு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் கல்யாணப் பத்திரிகை வரை பெயருக்குப் பின்னால் வரும். கேலி செய்ய எளிதான இடம் இது. ஆனால் மகமைப் பணத்தில் கட்டிய மண்டபத்திலும் உபயகாரர் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள்தான் நாம்.

உள்ளே வர அழைப்பு வேண்டும், ஆண்டுச் சந்தா வேண்டும், வாரம் ஓர் இரவு ஒதுக்க முடிய வேண்டும். தினக்கூலிக்காரர் இங்கே பயனாளியாக மேடை ஏறுவாரே தவிர உறுப்பினராக மேசையில் உட்கார மாட்டார். இந்தக் குறை சங்கங்களுக்கு உலகெங்கும் பொது.

கூட்டத்திலிருந்து களத்துக்கு

தென்மாவட்டங்களில் வாரக்கூட்டத்தின் பயன் தெளிவாகத் தெரிவது கண் முகாமில். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தியபோது உள்ளூர்ப் பொறுப்பைச் சங்கங்கள் போன்ற உபயகாரரிடம் விட்டது. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுக் கிராமங்களில் அறிவிப்பது, வருகிறவருக்குச் சாப்பாடு போடுவது, கண்புரை என்று தேர்ந்தெடுத்தவரை மதுரைக்கு அனுப்பி வைப்பது எல்லாம் அவர்கள் வேலை; பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனை வேலை. ஒவ்வொன்றையும் யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ள இரண்டு மூன்று கூட்டம் ஆகும். பேருந்து முதலாளி ஒருவர் உறுப்பினராக இருந்தால் ஒரே கூட்டத்தில் முடியும். தொழிலுக்கு ஒருவர் என்ற பழைய விதியின் பலன் இங்கேதான் தெரியும். 1992-இல் அரவிந்த் தொடங்கிய சமூகக் கண் மருத்துவப் பயிற்சி நிறுவனத்தின் பெயரிலேயே லயன்ஸும் சேர்ந்திருக்கிறது.

போலியோவில் ரோட்டரி 1985-இல் உலக அளவில் இறங்கியது. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27-இல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்குப் போலியோ ஒழிந்த சான்று கிடைத்தது. இலங்கையில் போர் நடந்தபோது, சொட்டு மருந்து நாள்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க இசைந்த ஏற்பாட்டில் ரோட்டரிக்கும் பங்குண்டு. அந்நாட்டுப் பணிக்குழுவை நடத்திய கொழும்புக்காரர் கே.ஆர். ரவீந்திரன் 2015-16-இல் உலகத் தலைவரானார்.

தளர்வும் மாற்றமும்

2016-இல் ரோட்டரியின் சட்டமன்றம், சங்கங்கள் மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்று விட்டுக்கொடுத்தது. இணையவழிச் சங்கங்களை அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. கொரோனாக் காலத்தில் சங்கங்கள் திரையில் கூடின. மணியடிக்கும் சத்தம் கேட்டது, சாப்பாடு அவரவர் வீட்டில்.

பெண்களைச் சேர்க்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக வெளியேற்றப்பட்டது. 1987 மே 4-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1989-இல் உலகம் முழுவதற்கும் விதி மாறியது. அதுவரை உறுப்பினரின் மனைவிக்கு ‘ஆன்’ என்று பெயர். 1914-இல் ஹூஸ்டன் மாநாட்டுக்கு இரயிலில் போன ஒரு உறுப்பினரின் மனைவியான ஆன் பிரன்னியரை உடன் வந்தவர்கள் விளையாட்டாக ‘ரோட்டரி ஆன்’ என்று அழைத்ததில் இப்பெயர் தொடங்கியது. இந்தியச் சங்கங்கள் இச்சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டன. பிள்ளைகளை ‘ஆனெட்’ என்றன. பர்மாக் காலத்தில் கணவர் கடல் கடந்திருக்க, நிலமும் வட்டியும் வீடும் தனியாகப் பார்த்து, ஊரார் வாயால் ஆச்சி என்று அழைக்கப்பட்ட பெண்களின் பேத்திகள், குடும்பக் கூட்டத்து அழைப்பிதழில் ‘ஆன்’ ஆனார்கள். 2022-இல் கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் உலக ரோட்டரியின் முதல் பெண் தலைவராகப் பதவியேற்றபோது, சிகாகோவின் முதல் கூட்டம் நடந்து 117 ஆண்டுகள் ஆகியிருந்தன.