பொடக்காலி மரம் காட்டுக்கு வந்த கதை

முப்பத்தஞ்சு, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி முருங்கைன்னா பெரும்பாலும் பொடக்காலியில நிக்கிற ஒத்தை மரம்தான். (பொடக்காலின்னா எங்க கொங்குப் பக்கம் வீட்டுக்குப் பின்புறம். காடுன்னா புன்செய், புலி இருக்கிற காடு இல்லீங்க.) ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும், துளிர்த்துவிடும். சாம்பாருக்குப் போக மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் மரமுருங்கையைக் காட்டிலேயே வைத்தவர்களும் உண்டு. ஆனால் ஏக்கர் கணக்கில் நட அவ்வளவு போத்துக்கு எங்கே போவது? வெட்டி வண்டியில் ஏற்றி வருவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

இதை மாற்றியது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. தூத்துக்குடி மாவட்டத்தில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர். அந்த ஊர் முருங்கையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, 1989ல் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கையை வெளியிட்டார்கள். எப்போதும்வென்றான் என்றே பேர் வெச்சிருக்கலாம், என்ன கம்பீரமான பேரு!

போத்து வேண்டாம், விதை போதும். மூணு மாசத்துல பூ, ஆறு மாசத்துல காய். செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளணும், இல்லேன்னா ஒத்தைக் குச்சியா மேலே ஓடிடும். பக்கக்கிளை அடிச்சாத்தான் காய். அறுவடை முடிஞ்சதும் மூணடி விட்டுக் கவாத்து பண்ணினா மறுபடி துளிர்க்கும். நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு 50 டன் வரை எடுக்கலாம் என்பது கல்லூரிக் கணக்கு. விதை சட்டைப்பையில் போகிற சரக்கு. ஆந்திரா, கர்நாடகா தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறது.

சங்கடமும் அதே விதையில்தான் வந்தது. எல்லாருக்கும் ஒரே ரகம், ஒரே பட்டம். கோடையில் எல்லாக் காடும் ஒண்ணாக் காய்க்கும். அப்போ பறிகூலிக்குக்கூட விலை கட்டாது. மழைக்காலத்தில் பூ கொட்டிவிடும். கார்த்திகை, மார்கழியில் நீங்கள் சென்னையில் காயை எண்ணி வாங்குவது அதனால்தான். அந்த விலைக்கு விற்க எங்ககிட்ட காய் இருக்காது.

இனி வருமானம் இலையில்தான் என்று நினைக்கிறேன். பறித்த காய் சில நாளில் வாடும், நிழலில் உலர்த்திய இலைப்பொடி மாதக்கணக்கில் காத்திருக்கும். வெளிநாட்டிலும் கிராக்கி உண்டு. ஆனால் உலர்த்தும் கூடம், ஆய்வகச் சோதனை, இயற்கை விவசாயச் சான்றிதழ் என்று காசு முன்னாடியே இறங்கணும். ஒருத்தரால் ஆகாது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதியலாம் என்று சட்டமே இருக்கிறது. எங்க பக்கம் பலரும் இன்னும் பச்சை இலையைத்தான் எடை போட்டுக் கொடுத்துட்டு வர்றோம்.